யோபின் மனைவி: ஒரு மறுவாசிப்பு

யோபு நூலில் 42 அதிகாரங்கள் உள்ளன. அவற்றுள் யோபின் மனைவி வாய் திறப்பது ஒரே ஒரு வசனத்தில்தான். அந்த ஒரு வசனத்திற்காக அவளுக்குக் கிடைத்த தண்டனையோ மிகப் பெரிது. புனித அகுஸ்தினார் அவளை அலகையின் துணையாள் என்று அழைத்தார். யோபிடமிருந்து அனைத்தையும் பறித்த அலகை மனைவியை மட்டும் ஏன் விட்டுவைத்தது என்று கேட்ட புனித கிறிசோஸ்தோம், அவளே அதற்குச் சிறந்த சாட்டையாகப் பட்டாள் என்று விடை கூறினார். குருமடத்தில் நாங்கள் பயின்றதும், பிறகு பலிபீடத்தருகில் நின்று மறையுரையாற்றியதும் இந்தத் தீர்ப்பையே.

என்னை இந்த நூலை மீண்டும் விரிக்கச் செய்தவர் விவிலிய அறிஞர் எவரும் அல்லர். நான் முன்பு பணியாற்றிய ஒரு கடற்கரைப் பங்கின் தாய். அவருடைய இரண்டாவது மகளுக்கு அப்போது மூன்று வயது நிறையவில்லை. அந்திவேளையில் விளக்கு வெளிச்சம் படும்போது குழந்தையின் ஒரு கண்மணி பூனைக்கண் போல வெண்மையாக மின்னியது. விழித்திரையில் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கண்டறிந்தனர். செய்தி கேட்டு அவ்வீட்டிற்குச் சென்ற நான், யோபின் பொறுமையைப் பற்றிச் சற்று நீளமாகவே பேசினேன். அந்தத் தாய் முழுவதையும் கேட்டுவிட்டு அமைதியாக ஒன்று கேட்டார்: "யோபு சாம்பல்ல இருந்தாரு, செரி. அவருக்குக் கஞ்சி வச்சுக் குடுத்தது யாரு, சாமி?"

என்னிடம் விடை இல்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்குத் தாமதமாக வரும் விடை.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் இந்தக் கண் புற்றுநோய் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தையைத் தாக்குகிறது. பெரும்பாலும் ஐந்து வயதிற்குள்ளேயே வெளிப்படுகிறது. கண்ணுக்குள் அடங்கியிருக்கும்போதே கண்டறிந்தால் பெரும்பான்மைக் குழந்தைகளைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் உயிரைக் காக்கச் சில வேளைகளில் கண்ணையே அகற்ற வேண்டியிருக்கும். மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை நரம்பின் வழியே மருந்து ஏற்ற வேண்டும். பிறகும் பல ஆண்டுகள் மயக்க மருந்து கொடுத்துக் கண்ணைச் சோதித்துவர வேண்டும். உடன்பிறந்த குழந்தைகளின் கண்களையும் சோதித்தாக வேண்டும்.

நோய் அரியது, ஆகவே துணையும் அரியது. நீரிழிவு என்றால் ஊரில் பத்துப் பேர் பத்தியம் சொல்வர். இந்த நோயின் பெயரைக்கூட ஊர் அறியாது. அறியாத இடத்தில் கற்பனை புகுந்துவிடுகிறது. தாய்வழியா, தந்தைவழியா, யார் செய்த பாவம் என்ற முணுமுணுப்பு தொடங்குகிறது. பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் கண்ட சீடர்களும் இதையே அல்லவா கேட்டனர்? அவர் செய்த பாவமும் அன்று, பெற்றோர் செய்த பாவமும் அன்று என ஆண்டவர் தெளிவாகவே மறுத்தார். மருத்துவமும் இன்று தன் மொழியில் அதையே சொல்கிறது: 13ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் நேரும் பழுதே இதன் காரணம். பாதிக்கப்பட்ட குழந்தைகளுள் பெரும்பாலோரின் குடும்பங்களில் அதற்கு முன் எவருக்கும் இந்நோய் இருந்ததில்லை.

இனி நூலுக்கு வருவோம். யோபின் மனைவி பேசும் வசனத்திற்கு முன்னால் நடந்தது என்ன? ஏழு மகன்களும் மூன்று மகள்களும் ஒரே நாளில் மாண்டனர். அவர்கள் யோபின் பிள்ளைகள் மட்டும்தானா? பத்து மகப்பேறுகளின் வலியைச் சுமந்தவள் அவள். இதை நாம் மறந்தாலும் யோபு மறக்கவில்லை. அறிவிலாப் பெண்களைப் போலப் பேசுகிறாயே என்று கடிந்துகொள்கிறார். அவளை அறிவிலி என்று சொல்லவில்லை. அடுத்த வாக்கியத்திலேயே, நன்மையைப் பெற்ற 'நாம்' தீமையையும் பெறலாகாதோ என்று பன்மையில் பேசுகிறார். அந்த 'நாம்' என்ற சொல்லில் அவளும் இருக்கிறாள். துன்பம் இருவருக்கும் பொது என்பதை யோபு அறிந்திருந்தார்.

19ஆம் அதிகாரம் இன்னும் நுட்பமானது. சகோதரர் விலகினர், அறிமுகமானோர் அந்நியராயினர், உறவினர் கைவிட்டனர் என்று யோபு வரிசையாகப் புலம்புகிறார். அவ்வரிசையில் மனைவியைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான்: தம் மூச்சுக்காற்று அவளுக்கு அருவருப்பாயிற்று என்பது. இதை அவள்மீது சுமத்தும் குற்றமாகவே வாசித்துவந்தோம். சற்று நின்று யோசித்தால் வேறொன்று புலப்படும். மற்ற அனைவரும் கண்காணாத் தொலைவுக்குப் போய்விட்டனர். அவள் மட்டும் மூச்சுக்காற்று படும் தொலைவில் இருக்கிறாள்! நோயாளியின் வாந்தியை ஏந்தும் கைக்கு முகஞ்சுளிக்கவும் உரிமை உண்டு.

கிறிஸ்துவுக்கு முன் செய்யப்பட்ட எழுபதின்மர் கிரேக்க மொழிபெயர்ப்பில் அவளுடைய பேச்சு நீண்டிருக்கிறது. வீடு வீடாக அலைந்து கூலிவேலை செய்வதையும், உழைப்பும் வேதனையும் ஓயப் பொழுது எப்போது சாயும் என்று காத்திருப்பதையும் அவள் அங்கே சொல்கிறாள். திருமுறையில் சேராத 'யோபின் சாசனம்' என்னும் பழைய நூலோ, கணவனின் பசி போக்க அவள் தன் தலைமுடியைக் கொடுத்து மூன்று அப்பம் வாங்கியதாகக் கூறுகிறது. அந்தத் தாயின் கேள்விக்குப் பழங்காலத்து வாசகர்கள் முன்பே விடை எழுதி வைத்திருக்கின்றனர். கஞ்சி வைத்தவள் அவளே.

நண்பர் மூவரையும் நியாயமாகவே மதிப்பிட வேண்டும். தம் ஊர்களை விட்டு வந்தார்கள், அழுதார்கள், ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் உடன் அமர்ந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது உயர்ந்த பணி. விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். நூலின் இறுதியில் ஆண்டவரின் சினம் அந்த மூவர் மீதே மூள்கிறது. மனைவியை அவர் ஒரு சொல்லாலும் கண்டிக்கவில்லை. யோபைப் பற்றிப் பேசிக்கொண்டே நான் எலிப்பாசின் இருக்கையில் அமர்ந்திருந்தேன் என்பதை அதற்குப் பிறகுதான் உணர்ந்தேன்.

நம் காலத்துக் கலைகளுள் நோயாளியின் மனைவிக்கு உரிய இடம் தந்த ஒன்றாக, ஸ்ரீதர் இயக்கி 1962இல் வெளிவந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' திரைப்படத்தைக் குறிப்பிடலாம். புற்றுநோயாளியான வேணுவைவிட, அவன் கட்டிலருகே நிற்கும் சீதாவின் தவிப்பே அங்கே கதையாகிறது. அது பெரும் சாதனை. எனினும் அறுவை சிகிச்சையோடு படம் உச்சத்தை அடைகிறது. நோயாளி பிழைக்க, மருத்துவர் உயிர் துறக்கிறார். ஒருவரின் மாபெரும் தியாகம் எல்லாவற்றையும் முடித்துவைக்கிறது. வீடுகளிலோ அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் நாட்களே தொடங்குகின்றன. அங்கே வேண்டப்படுவது ஒருவரின் பெருந்தியாகம் அன்று. பலரின் சிறு உதவிகள்.

அவற்றின் பட்டியலும் யோபு நூலிலேயே இருக்கிறது. 42ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனத்தில் உறவினரும் அறிமுகமானோரும் யோபின் வீட்டிற்கு வந்து, உடனமர்ந்து உண்டு, ஆறுதல் கூறி, ஆளுக்கொரு வெள்ளிக்காசும் பொன் மோதிரமும் கொடுக்கின்றனர். உணவு, உடனிருப்பு, பணம், பொன்: இவை நான்கும் வந்தன, எல்லாம் முடிந்த பின் வந்தன என்பதே குறை. தாலியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக் கடையில் இருக்கும் வீட்டிற்கு அந்தப் பொன் மோதிரத்தின் பொருள் நன்கு விளங்கும்.

நம் மாவட்டத்துக் குடும்பங்கள் பல, புற்றுநோய் என்றதும் 1981இல் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தை நாடுகின்றன. 1956 வரை நாம் இருந்த அரசின் தலைநகர்தான் அது. ஆனால் இன்று மாநில எல்லைக்கு அப்பால் இருக்கிறது. விடியுமுன் புறப்படும் தாய்க்குத் துணையாக, மலையாளம் பேசத் தெரிந்த ஒருவரை அன்பியம் அனுப்பலாம். இரத்தம் கொடுக்க இளைஞர்களை ஆயத்தமாக வைக்கலாம். மருந்து ஏற்றிய குழந்தைக்கு எதிர்ப்பு ஆற்றல் குன்றியிருக்கும் நாட்களில், கூட்டமாகச் சென்று சுற்றி நின்று செபிப்பதைத் தவிர்த்து, கோவிலிலேயே செபிக்கலாம். இருமலோடு செல்லும் அன்பரைவிட, வாசலில் சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்புபவர் மேலானவர். நல்ல சமாரியர் இரு தெனாரியம் கொடுத்ததோடு நிற்கவில்லை. திரும்பி வருவதாகவும் வாக்களித்தார். முதல் வாரத்தில் எல்லோரும் வருகிறோம். ஆறாவது மாதத்தில் யார் வருகிறோம்?

துயரத்திற்கு விளக்கம் தேடாமல் செயலால் விடை கண்டவர்கள் நம் நாட்டில் உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்படக் காரணமானார். ஓர் அக்காளின் கண்ணீர் எத்தனையோ குடும்பங்களுக்குக் கட்டிலாயிற்று.

யோபு நூலின் முடிவில் அவருக்கு மீண்டும் பிறந்த மகள்கள் மூவருக்கும் பெயர் சொல்லப்படுகிறது. மூன்றாமவளின் பெயருக்குக் கண்மைச் சிமிழ் என்று பொருள். அவர்களைப் பெற்ற தாயைப் பற்றி மட்டும் நூல் ஒன்றும் கூறவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் அப்பங்கின் திருவிழாவிற்குச் சென்றபோது அச்சிறுமியைக் கண்டேன். ஒரு கண் செயற்கைக் கண். இரு கண்களுக்கும் தாய் ஒரேபோல மை தீட்டியிருந்தார். அன்று நான் மறையுரை எதுவும் சொல்லவில்லை. மூத்தவள் இப்போது என்ன படிக்கிறாள் என்று மட்டும் கேட்டேன். "அவளைப் பற்றிக் கேக்க இப்பத்தான் ஒருத்தர் வந்தீங்க, சாமி" என்றார் அந்தத் தாய்.