மூட்டாத கைலி

மலேசியாவின் பீடோரில் அப்பாவின் இரும்பு அலமாரியைத் திறந்தால் நான் பதினைந்து வருடமாகத் தோற்ற கதை தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். குண்டூசி பிடுங்காத சட்டை இரண்டு, மெல்லிய தாள் கூடப் பிரிக்காத பணப்பை, பெட்டிக்குள்ளேயே ஓடி ஓடி நின்றுபோன கைக்கடிகாரம், ஒரு சென்ட் புட்டி. எல்லாம் என் கைங்கரியம். ஒவ்வொன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு அவர் சொன்னது ஒரே பேச்சு: "எதுக்குடா காசைக் கரியாக்குற, இருக்கிறதே போதும்லா."

ஜூன் மூன்றாம் ஞாயிறு நெருங்கினால் ஈப்போ பேரங்காடிகளில் டையும் பெல்ட்டும் அடுக்கிவிடுவார்கள். தந்தையர் தினத்தை 1910இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரத்தில் தொடங்கி வைத்தவர் சோனோரா ஸ்மார்ட் டாட். மனைவி போனபின் ஆறு பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தன் தகப்பனாருக்காகத்தான் அந்த நாளைக் கேட்டார். அந்த மனிதர் விவசாயி. அவருக்கு மட்டும் டை எதற்கு?

அப்பாவுக்கு எதிலும் பிடிப்பில்லை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அம்மாதான் ஒருநாள் போட்டு உடைத்தார். "அந்தச் சட்டை காலர்ல பசை போட்டு ஒட்டியிருக்காம்டா. ரெண்டு சலவையில கொப்புளிச்சுக்கும்னாரு." பெட்டியைத் திறந்து, தடவிப் பார்த்து, தீர்ப்பெழுதி, மூடி வைத்திருக்கிறார். எனக்குத்தான் தெரியவில்லை.

அப்படித் தடவிய விரல் சாதாரண விரல் இல்லை. முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய விரல். வெயில் ஏறினால் பால் ஓட்டம் தளர்ந்துவிடும் என்பதால் இருட்டோடு, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு 400, 500 மரம். இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்ந்து இறங்கும் வெட்டில் ஒரு தடவைக்குச் சீவ வேண்டிய பட்டை ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில், புதுப்பட்டையை வளர்க்கிற மெல்லிய படலம் இருக்கிறது. கத்தி அதைத் தொட்டால் காயம். பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். வருடங்கள் கழித்து அந்தப் பக்கம் மறுபடி வெட்ட வரும்போது கத்தி ஓடாது. மேற்பார்வை பார்க்கும் தண்டல் மரத்தைத் தடவிப் பார்த்து ஏசுவார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு தோட்டத்தை விட்டுப் பீடோரில் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தாயிற்று. விரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

ஆகவே போன தடவை கடைக்குப் போவதற்கு முன் துணி காயும் கொடிக்குப் போனேன். அப்பாவின் கைலி நீலமும் வெள்ளையுமாகத் தொங்கியது. கைலியைப் போல ஒரு மனிதரைக் காட்டிக்கொடுக்கும் துணி வேறில்லை. இடுப்பில் சொருகும் இடம் இடப்பக்கமாக நைந்திருந்தது. கீழ்க்கரை முன்னால் நன்றாக இருக்க, குதிகால் பட்டுப் பட்டுப் பின்பக்கம் பிசிறு விட்டிருந்தது. முழங்காலுக்கு மேல் வாழைக்கறை. காப்பிக்கடைப் பலகையில் உட்காரும் பாகம் வெளிச்சத்தில் கொசுவலை மாதிரி தெரிந்தது. ஆனால் இரு முனைகளையும் சேர்த்து மூட்டிய இடத்தில் ஒரு தையல் விலகவில்லை. மூட்டு உறுதியாக இருக்கத் துணி தேய்ந்து சாகும் கைலி நல்ல கைலி.

மலாய்க்காரர்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு உடுத்தும் கட்டம் போட்ட சாரோங்குக்குக் காயின் பெலிக்காட் என்று பெயர். பெலிக்காட் வேறு எதுவுமில்லை, சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் நம் பழவேற்காடுதான். டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு சோழமண்டலக் கரைத் துணிகளைக் கிழக்கே கப்பலேற்றினார்கள். கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த தீவுகளில் துணி கொடுத்தால்தான் சரக்கு கிடைத்தது. கோலகங்சாரில் ரப்பர் கன்று ஊன்றியதே 1877இல்தான். மரம் வெட்டத் தமிழன் வருவதற்கு இருநூறு வருடத்துக்கும் முன்னாலேயே அவன் ஊர்க் கட்டம் இந்தப் பக்கத்துக் கடலில் வந்துபோய்க்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாக்சிக்கின் கொடியும் அப்பாவின் கொடியும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வீட்டுக் கொடி.

ஈப்போவில் ஜாலான் லாஹாட் பக்கம் ஒரு பழைய துணிக்கடை. அப்பாவுக்கு என்றதும் கடைக்காரர் கேட்டார்: "எந்த அப்பா தம்பி, தோட்டத்து அப்பாவா, ஆபீஸ் அப்பாவா?" தோட்டம் என்றேன். மேல்தட்டில் இருந்ததைத் தொடாமல் குனிந்து கீழேயிருந்து எடுத்துப் போட்டார்.

முதலில் மூலையைக் கசக்கச் சொன்னார். சில கைலிகள் கடையில் அட்டை மாதிரி நிற்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் வெள்ளைப் பொடி உதிரும். அது வெறும் கஞ்சி. முதல் சலவையில் கஞ்சி போனதும் துணியும் கூடவே போய்விடும். பிறகு மறுபுறம் திருப்பினார். சாயம் ஏற்றிய நூலில் நெய்தால் உள்ளும் புறமும் ஒரே நிறம். அச்சடித்த கட்டம் உள்பக்கம் வெளிறியிருக்கும். கரையிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். காகிதம் போல எரிந்து சாம்பலானது. பாலியஸ்டர் கலந்திருந்தால் நுனியில் கருப்பு மணி திரண்டிருக்கும். கடைசியாகத்தான் நூல் நம்பர். 60, 80, 100 என்று ஏற ஏற நூல் மெலிசு, விலை கூடுதல். 100ஐக் கன்னத்தில் வைத்தால் பூ. எனக்கு அதில்தான் ஆசை.

"வேணாம் தம்பி. பலகையில உக்கார்ற ஆளுக்கு 80 போதும். நூறு சபைக்கு."

அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்கு மாலை போடலாம். உயர்ந்ததை எடுத்துக் கொடுக்க எந்தக் கடைக்காரருக்கும் தெரியும்.

குடியாத்தத்து நெசவு என்றார். இரண்டு மீட்டர், கருநீலத்தில் மெல்லிய வெள்ளைக் கட்டம். கட்டிக் கொடுக்கும்போது, "மூட்டாமலே கொடுங்க" என்றார். நான் கேட்கவில்லை. பரிசு என்றால் உடனே உடுத்துகிற மாதிரி இருக்கவேண்டாமா? பக்கத்திலிருந்த தையல்காரரிடம் கொடுத்து ஐந்து நிமிடத்தில் மிஷினில் மூட்டி வாங்கிக்கொண்டேன்.

அப்பா உறையைப் பிரித்தார். வழக்கமான "எதுக்குடா" வரவில்லை. மூலையைக் கசக்கினார். மறுபுறம் திருப்பினார். அப்புறம் மூட்டிய இடத்தைக் கண்டுபிடித்து இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். எழுந்து உள்ளே போய் அரை பிளேடும், அம்மாவின் ஊசிநூல் டப்பாவும் கொண்டுவந்தார்.

"ஒரு நூல் தள்ளிப்போச்சு, பாரு."

பார்த்தேன். தெரியவில்லை. ஆள்காட்டி விரல் நகத்தை வைத்துக் காட்டிய பிறகுதான், வெள்ளைக் கோடு ஒன்று தையலைத் தாண்டும் இடத்தில் தன் ஜோடியை ஒரு நூல் அளவுக்குத் தவறவிட்டிருந்தது தெரிந்தது. மிஷின் தையலை முழுக்கப் பிரித்தார். முன்வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டத்தோடு கட்டம் சேர்த்து, விரல் நீளத்துக்கு ஒரு தரம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டு, கையாலேயே மூட்டினார். ஒன்றரை மணி நேரம். நான் வாங்கிக் கொடுத்த எந்தப் பொருளோடும் அவர் அவ்வளவு நேரம் இருந்ததில்லை. முடித்துவிட்டு உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார்.

அடுத்த ஞாயிறு பழைய நெடுஞ்சாலை ஓரக் கடைகளுக்குப் பெத்தாய்க் காய் வாங்கக் கிளம்பினார், புதுக் கைலியில். நெடுஞ்சாலை மாறிய பின் அந்தக் கடைகளில் பழைய கூட்டம் இல்லை. ஆனால் அவருக்கு அங்கேதான் போக வேண்டும். பழைய கைலியை இரண்டாகக் கிழித்து, நைந்த பாதியை சைக்கிள் துடைக்கப் போட்டிருந்தார். நல்ல பாதியில் பால் கத்தியைச் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார், என் சட்டைகளுக்குப் பக்கத்தில்.

திரும்பி வந்து பெத்தாய்க் கொத்தை அம்மாவிடம் கொடுத்தவர், என்னைப் பார்க்காமல் சொன்னார்: "தீபாவளிக்கு வரும்போது இதே நம்பர்ல இன்னொண்ணு எடு. மூட்டாம."