கம்சலைக்கு ஏன் அந்தத் தண்டனை?

ஓசூர்ல எங்க ஹவுசிங் போர்டு வாசலுக்குக் காலை அஞ்சரைக்கே கம்பெனி பஸ் வந்துடும். அதுல ஏறிப் போற கீழ் வீட்டு அக்காவுக்கு கேன்டீன்ல வேலை. போன மாசம் என்கிட்டேர்ந்து ஜெயகாந்தனின் 'சினிமாவுக்குப் போன சித்தாளு' வாங்கிட்டுப் போனாங்க. ரெண்டே நாள்ல திருப்பிக் கொடுத்துட்டுக் கேட்டாங்க: "ஏன் தம்பி, படம் பாக்க ஆசப்பட்டதுக்கா இவ்ளோ தண்டனை?"

இந்தக் குறிப்பு அந்தக் கேள்விக்கு நான் தேடின பதில்.

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கினது 1970ல். அடுத்த சில வருஷங்களுக்குள்ளேயே இந்தக் குறுநாவல் வந்துடுச்சு. கம்சலை சித்தாள், புருஷன் செல்லமுத்து ரிக்‌ஷாக்காரன். நடிகர் மேல இருக்கிற மோகத்தில் அவள் வாழ்க்கை சிதைந்து போகுது. எம்.ஜி.ஆர் ரசிக மோகத்தின் மீதான விமர்சனமாகத்தான் பலரும் இதைப் படிச்சாங்க. சேரிப் பேச்சை இவ்வளவு உயிரோட எழுத்தில் கொண்டு வந்தது பெரிய விஷயம், அதில் சந்தேகமே இல்லை. ஆனா கம்சலை பேசுறாளே தவிர, கதையைச் சொல்றது அவள் இல்லை. அவளைவிட விவரம் தெரிஞ்ச ஒருத்தர் மேலே உட்கார்ந்து சொல்றார். சினிமா மோகம் கெடுதல்னு நிரூபிக்க அவள் அழிஞ்சே ஆகணும். அக்கா பிடிச்சது சரியா அந்த இடத்தைத்தான்.

அமெரிக்காவில் 'ஸ்ட்ரீட் லிட்'னு ஒரு வகை உண்டு. அரசுக் குடியிருப்புகளில் வளர்ந்த கறுப்பின மக்களின் கதைகள். சில எழுத்தாளர்கள் சொந்தக் காசில் அச்சடிச்சு, கார் டிக்கியில் வைத்தே விற்றார்கள். அந்த வகையில் ரொம்பப் பேசப்பட்டது, சிஸ்டர் சோல்ஜா 1999ல் எழுதிய 'தி கோல்டஸ்ட் வின்டர் எவர்'. நாயகி பெயர் வின்டர், புரூக்ளின் குடியிருப்பில் பிறந்தவள். அப்பா போதைப்பொருள் வியாபாரி. அவர் கைதானதும் எல்லாம் போயிடுது. கடைசியில் அவளுக்கும் 15 வருஷம் ஜெயில்.

அங்கேயும் தண்டனை இருக்கு, உபதேசமும் இருக்கு. சொல்லப்போனா ஆசிரியரே ஒரு பாத்திரமா உள்ளே வந்து புத்தி சொல்றார். வித்தியாசம் என்னன்னா, கதையைச் சொல்றது வின்டர். புத்தி சொல்ல வந்த ஆசிரியரையே அவளுக்குப் பிடிக்கலை. உபதேசம் ஒரு பக்கம் ஓட, வின்டர் தன் கணக்கைத் தானே போடுறா: எந்த உடுப்பு, எவன்கிட்ட காசு, இன்னிக்கு ராத்திரி எங்கே படுக்கிறது. அந்தக் கணக்கு தப்புன்னு நமக்குத் தெரியுது. ஆனா அது அவள் போட்ட கணக்கு.

நம்ம பக்கம் தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' (2018) சிந்தாதிரிப்பேட்டை ஹவுசிங் போர்டை உள்ளே இருந்தே எழுதியது. வெளியிலிருந்து பரிதாபப்படுற பார்வை அதில் இல்லை. இருந்தாலும், அப்படி ஒரு குடியிருப்பில் வாழும் பெண் 'நான்'னு ஆரம்பிச்சு, பாடமெல்லாம் எடுக்காம, தன் தப்பையும் ஆசையையும் சேர்த்துச் சொல்ற நாவலுக்கு நான் இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கணும். சிப்காட் கம்பெனியில் வேலை பார்த்து, ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பெண்ணைப் பற்றி நானும் ஒரு கதை எழுதி வச்சிருந்தேன். அத்திப்பள்ளி தாண்டி ஒருத்தனோட போறா, ஏமாந்து திரும்பி வர்றா, தூக்கு மாட்டிக்கிறா. எழுதும்போது சமூக அக்கறைன்னு நினைச்சேன். அக்கா கேட்டதுக்கு அப்புறம் திறந்து பார்த்தா, அந்தப் பெண் மொத்தக் கதையில் பேசுறதே நாலு வரிதான். மீதியெல்லாம் நான்.

முடிவை அழிச்சுட்டேன். அவள் காலை ஷிஃப்டுக்குப் பஸ் ஏறுறதோட கதை இப்போ நிக்குது. அதுக்கு மேல என்ன நடந்திருக்கும்னு அக்காகிட்ட கேக்கலாம்னு இருக்கேன்.