"இல்லை"யா, கேட்கவே இல்லையா? கோல்டன்டிக்ட் அமைப்புகள் பற்றி ஒரு குறிப்பு

போன மாசம் ஒரு வட்டாரச் சொல்லைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். கோல்டன்டிக்ட்டில் தட்டிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. "எந்த அகராதியிலும் இல்லை" என்று குறிப்பில் எழுதியும்விட்டேன். இரண்டு நாள் கழித்து உலாவியில் தமிழ் விக்சனரியைத் திறந்தால், அந்தச் சொல் அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. அதே விக்சனரியை மென்பொருளில் சேர்த்து வைத்தவனும் நான்தான்!

தப்பு என்னுதுதான். அகராதி மூலங்களின் பட்டியலில் முகவரியைக் கொடுத்தேன். ஆனால் நான் உண்டாக்கி வைத்திருந்த 'தமிழ்' குழுவுக்குள் அதை இழுத்துப் போடவில்லை. மூலத்தைச் சேர்ப்பது ஒரு வேலை, குழுவில் சேர்ப்பது வேறொரு வேலை. "இந்தக் குழுவில் கிடைக்கவில்லை" என்றுதான் மென்பொருள் சொன்னது. "இந்தக் குழுவில்" என்பதை நான் படிக்கவில்லை. அவசரத்தில் யார் படிக்கிறார்கள்?

கோல்டன்டிக்ட் நல்ல மென்பொருள், அதில் சந்தேகமில்லை. ஸ்டார்டிக்ட், பாபிலான், லிங்வோ கோப்புகள், விக்கி தளங்கள், டிக்ட் சேவையகங்கள் என எல்லாத்தையும் ஒரே தேடல் பெட்டிக்குள் கொண்டுவருகிறது. கணினியில் இருக்கும் கோப்புகளுக்கு ஒருமுறை சொல்லடைவு தயாரித்துவிட்டால் போதும், இணையம் வேண்டாம். மற்றவை ஒவ்வொரு தேடலுக்கும் வெளியே போய்க் கேட்டாக வேண்டும். இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதுதான் இதன் அழகு. என் குறையும் அதுவேதான்.

ஏன் என்று சொல்கிறேன். டிக்ட் நெறிமுறை 1997இல் ஆர்.எஃப்.சி 2229 ஆக வெளிவந்தது. அதற்கான துறை எண் 2628. தேடிய சொல் இல்லையென்றால் சேவையகம் 552 என்று பதில் சொல்லும். நீங்கள் கேட்ட தரவுத்தளமே அங்கே இல்லையென்றால் 550. சேவையகம் தற்காலிகமாக இயங்கவில்லையென்றால் 420. 'இல்லை'களை இப்படிப் பிரித்து வைக்க வேண்டும் என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள். என்னென்ன தரவுத்தளங்கள் இருக்கின்றன என்று சேவையகத்திடமே கேட்டு வாங்கவும் கட்டளை உண்டு.

அப்படியிருக்க, கோல்டன்டிக்ட்டின் டிக்ட் சேவையகப் பக்கத்தில் முகவரி, தரவுத்தளம், தேடல் முறை மூன்றுக்கும் கட்டங்கள் இருக்கின்றன. தரவுத்தளப் பெயரை நாமே தெரிந்துவைத்துத் தட்ட வேண்டும். ஏன், அந்தக் கட்டளையைப் பயன்படுத்திப் பட்டியலைக் காட்டினால் என்ன? ப்ராக்ஸி அமைப்போ இந்தச் சாளரத்திலேயே கிடையாது, விருப்பத்தேர்வுகளில் தனியாக இருக்கிறது. ஆக ஒரு இணைய அகராதி வேலை செய்ய மூலம், குழு, ப்ராக்ஸி என மூன்று இடம் சரியாக இருக்கணும்.

சாதாரணமாக அர்த்தம் பார்ப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. சொல்லாராய்ச்சி செய்பவருக்கு அப்படியல்ல. "அகராதியில் இல்லை" என்பது நமக்கு ஒரு சான்று. அதை வைத்துத்தான் "இது புதுச்சொல்", "இது இதுவரை பதிவாகாதது" என்றெல்லாம் எழுதுகிறோம். கேட்காமலே விட்ட அகராதியை 'இல்லை' கணக்கில் சேர்த்தால் அடுத்து வரும் முடிவு முழுக்கத் தப்பு.

இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். புது மூலம் சேர்த்ததும், அதில் நிச்சயம் இருக்கும் ஒரு சொல்லை அந்தக் குழுவிலிருந்தே தேடிப் பார்ப்பேன். அது வந்த பிறகுதான் அந்த அகராதி சொல்லும் 'இல்லை'யை நம்புவேன். பழைய குறிப்பைத் திருத்திவிட்டேன். "எந்த அகராதியிலும்" என்ற இடத்தில் இப்போது, நான் உண்மையில் பார்த்த அகராதிகளின் பெயர்கள் இருக்கின்றன.