எளிய தமிழில் எழுதினால் போதுமா?

காசநோய் மாத்திரை தொடங்கியதுமே சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம் அது, கெடுதல் ஒன்றுமில்லை. முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து, ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்தை முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம், இன்று நெஞ்சக நோய்க்கான அரசு மருத்துவமனை. அங்கு வரும் நோயாளியின் கையில், "சிறுநீர் ஆரஞ்சு நிறமா போகும். பயப்படாதீங்க. மாத்திரையை நிறுத்தாதீங்க" என்று ஒரு தாள் இருந்தால் பாதி பயம் அப்போதே தீரும். எளிய நடையின் முழுப் பலனும் இந்த மூன்று வரியில் தெரிகிறது.

ஆபத்தும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இன்னும் சுருக்குகிறேன் என்று, "சிறுநீர் நிறம் மாறினால் கவலை வேண்டாம்" என எழுதிவிட்டால் என்ன ஆகும்? கூடவே கொடுக்கப்படும் ஐசோனியாசிட், பைரசினமைடு மாத்திரைகள் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். அப்போதும் சிறுநீர் நிறம் மாறும். கட்டங்காப்பி போல அடர்ந்து போகும். கண் மஞ்சளாகும், வாந்தி வரும், சோறு பிடிக்காது. அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டியவரை அந்த ஒற்றை வரி வீட்டிலேயே உட்கார வைத்துவிடும். எளிமைப்படுத்தினால் துல்லியம் போய்விடும் என்று மருத்துவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து பழைய கடுந்தமிழ் அல்ல, இன்னும் இரண்டு எளிய வரிகள்.

படித்தால் புரிந்துவிடும் என்பதும் உறுதியில்லை. அமெரிக்காவில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், "இரண்டு மாத்திரை, தினம் இருமுறை" என்ற குறிப்பைப் படிப்பறிவு குறைந்த நோயாளிகளில் 71 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு எத்தனை என்று மாத்திரையை எடுத்துக் காட்டச் சொன்னபோது சரியாகக் காட்டியவர்கள் 35 சதவீதமே.

சென்னையை அடுத்த சிறுசேரி சிப்காட் தொழிற்பூங்கா பக்கம் போனால் இன்னொரு குறை தெரியும். கட்டட வேலைக்கு வந்து, தகர ஷெட்டுகளில் நெருக்கியடித்துத் தங்கும் பீகார், ஒடிசா தொழிலாளர்களுக்கு எவ்வளவு எளிய தமிழும் உதவாது. அவர்களுக்கு இந்தியிலும் ஒடியாவிலும் தாள் வேண்டும். சொந்த ஊருக்குப் போனாலும், காசநோயாளிகளுக்கான அரசுப் பதிவு எண்ணான நிக்ஷய் எண்ணைக் காட்டி அங்கே மாத்திரையைத் தொடரலாம் என்பது அதன் முதல் வரியாக இருக்க வேண்டும்.

தாளை அச்சுக்கு அனுப்புமுன் ஓ.பி. வரிசையில் நிற்கும் சிலரிடம் கொடுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள். நாளைக் காலை எந்த மாத்திரை, எத்தனை என்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.