அட்லாண்டா விட்டுச்சென்ற கணக்கு

மேனார்ட் ஜாக்சன் 1974-இல் அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயராகப் பொறுப்பேற்றார். ஊரில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். நகராட்சி ஒப்பந்தங்களில் அவர்களுடைய நிறுவனங்களுக்குக் கிடைத்ததோ 1 விழுக்காட்டுக்கும் குறைவு. அப்போது கையில் இருந்த பெரிய வேலை, ஏறத்தாழ 500 மில்லியன் டாலர் மதிப்பிலான புதிய விமான நிலைய முனையம். அதில் 25 விழுக்காடு சிறுபான்மை நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்றார் ஜாக்சன். கட்டுமான முதலாளிகள் முரண்டுபிடித்தார்கள். வேலை தள்ளிப்போனாலும் போகட்டும் என்று அவர் பிடித்த பிடியில் நின்றார். 1980 செப்டம்பரில் முனையம் திறந்தது.

அமெரிக்க விமானத் துறையில் சிறுபான்மையினர், பெண்கள் நடத்தும் தொழில்களுக்காக எழுந்த குரலின் வரலாற்றை எழுதுவோர் எல்லோரும் இந்த 25 என்ற எண்ணைத்தான் கொண்டாடுகிறார்கள். என் பார்வையில் அந்த எண்ணைவிட, அதை அடைந்த வழிதான் மதிப்பு மிக்கது. சில்லறைத் துணை ஒப்பந்தங்களோடு நிறுத்தாமல், பெரிய நிறுவனமும் சிறிய நிறுவனமும் ஒரே ஒப்பந்தத்தில் கூட்டாகக் கையெழுத்திடும் முறையை ஜாக்சன் வற்புறுத்தினார். கட்டுமானத் தொழிலில் சிறியவனை வாசலிலேயே நிறுத்திவைப்பது திறமைக் குறைவு அல்ல, உத்தரவாதப் பத்திரம். வேலை பாதியில் நின்றால் இழப்பை ஈடுகட்டுவோம் என்று ஒரு நிறுவனம் எழுதித்தர வேண்டும்; முன்பு பெரிய வேலை செய்தவருக்குத்தான் அது கிடைக்கும்; அது இல்லாமல் பெரிய வேலையும் கிடைக்காது. கூட்டு ஒப்பந்தம் இந்தச் சுழலை உடைத்தது. மதிப்பீடு போடும் மேசையில் சிறியவருக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

அதே முறையின் பலவீனம், அது ஒரு மேயரின் மன உறுதியை நம்பி நின்றது. பங்கு கொடுக்கும் அதிகாரம் ஓர் அலுவலகத்தில் குவிந்தால் அதற்கு விலையும் பிறக்கும். அட்லாண்டா விமான நிலையக் கடைகள் தொடர்பான லஞ்ச வழக்கில் முன்னாள் அதிகாரி ஒருவர் 1990-களில் தண்டனை பெற்றதை ஆதரவாளர்களின் வரலாறுகள் அவசரமாகத் தாண்டிப்போகின்றன. எதிர்ப்பாளர்களோ அந்த வழக்கை மட்டுமே வரலாறாக எழுதுகிறார்கள்.

தனிமனித உறுதியைச் சட்டமாக்கும் வேலையை அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டது. விமான நிலையச் சிறுபான்மையினர் ஆலோசனை மன்றம் 1984-இல் தோன்றியது. 1987-இல் நாடாளுமன்றச் சட்டம், கூட்டரசு நிதி பெறும் விமான நிலையங்களுக்குக் கட்டுமானத்திலும் கடைகளிலும் 10 விழுக்காட்டு இலக்கை வைத்தது. நிலைபேறு என்ற அளவில் இது பெரும் வெற்றி. மேயர் மாறினாலும் விதி மாறாது. ஆனால் வரைவில் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. பெண்களையும் அதே 10-க்குள் சேர்த்துவிட்டார்கள். தலைமை ஒப்பந்ததாரர் பெண்கள் நிறுவனங்களை மட்டும் வைத்தே இலக்கை முடிக்கலாம். சிறுபான்மை நிறுவனங்களை மட்டும் வைத்தும் முடிக்கலாம். கடன், சொத்துப் பிணை, குடும்ப உழைப்பு என்று பெண்களுக்கு உரிய தடைகளுக்குத் தனி முறையே வகுக்கப்படவில்லை. இரண்டு கோரிக்கைகள் ஒரே தட்டில் கை வைக்கும்படி ஆயிற்று.

பிறகு நீதிமன்றம். ரிச்மண்ட் நகரம் வைத்த 30 விழுக்காட்டு ஒதுக்கீட்டை 1989-இல் க்ரோசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்நகர மக்களில் பாதிப்பேர் கறுப்பினத்தவர். நகரின் தலைமைக் கட்டுமான ஒப்பந்தங்களில் சிறுபான்மை நிறுவனங்களின் பங்கு 0.67 விழுக்காடு. மக்கள்தொகையோடு ஒப்பிடக் கூடாது, அந்த வேலையைச் செய்யத் தகுதியுள்ள நிறுவனங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடு என்றது தீர்ப்பு. ரிச்மண்டின் பட்டியலில் அலாஸ்காவின் அலியூட் மக்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த ஊரின் கட்டுமானத் தொழிலில் அநீதி நடந்ததற்குச் சான்றே இல்லை என்று நீதிபதி ஓகானர் எழுதினார். அடராண்ட் வழக்கு 1995-இல் அதே கடுமையைக் கூட்டரசுத் திட்டங்களுக்கும் நீட்டியது.

விளைவாகப் பிறந்தவைதான், கிடைத்த ஒப்பந்தப் பங்கைத் தகுதியுள்ள நிறுவனங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடும் ஏற்றத்தாழ்வு ஆய்வுகள். அவற்றில் எல்லாம் வகுக்கும் எண்ணில் இருக்கிறது. பதிவு பெற்ற எல்லா நிறுவனங்களையும் எண்ணினால் அநீதி பெரிதாகத் தெரியும். பெரிய வேலை செய்த அனுபவம் உள்ளவற்றை மட்டும் எண்ணினால் அநீதியே காணாமல் போகும், ஏனெனில் அனுபவம் கிடைக்காததுதானே புகார். இரு தரப்பும் தத்தமக்கு உகந்த எண்ணை எடுத்துக்கொண்டன. நீதிமன்றத்தைச் சமாளிக்க எழுதப்பட்ட ஆய்வு, தொழிலைப் புரிந்துகொள்ள உதவாது.

விமான நிலையக் கடைகளுக்கு வந்தால் சிக்கல் இன்னும் தெளிவு. கடை எடுப்பவர் தன் செலவில் உள்கட்டமைப்பை முடிக்க வேண்டும்; விற்பனையில் ஒரு விழுக்காடு அல்லது குறைந்தபட்ச உறுதி வாடகை, எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். கூட்டுத் தொழிலில் சிறிய பங்காளியின் முதலீடு, நிர்வாகம், நட்டப் பொறுப்பு எல்லாம் அவருடைய பங்குக்கு ஈடாக இருக்க வேண்டும் என்கிறது கூட்டரசு வழிகாட்டி. அருமையான விதி. ஆனால் பெரிய பங்காளியே கடன் கொடுத்து, பெரிய பங்காளியே சரக்கு வாங்கி, கணக்கும் அவரே எழுதினால் மிச்சம் பெயர் மட்டும்தான். பினாமி என்ற சொல்லை நாம் அவர்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுக்கலாம்.

சொத்து வரம்பும் அப்படித்தான். இத்திட்டத்தில் சேரும் உரிமையாளரின் சொத்து, வீட்டையும் அந்த நிறுவனத்தின் பங்கையும் நீக்கி, 7,50,000 டாலருக்கு மேல் போகக் கூடாது என்றது 1999-இன் விதி. 2011-இல் 13,20,000 ஆயிற்று. வசதி படைத்தோர் வரம்பு பற்றி நமக்குத் தெரியாத வாதம் இல்லை. தமிழ்நாடு அதைத் தன் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் ஏற்கவும் இல்லை. ஆனால் அந்த ஒதுக்கீட்டில் பேசப்படுவது வேலையும் கல்வி இடமும். தொழிலுக்கு முதல் சேர வேண்டும். முதல் சேர்ந்தால் தகுதி போகும் என்ற விதி, நிறுவனம் வளர்வதற்குள் ஊன்றுகோலைப் பிடுங்குகிறது. வரம்பே இல்லாவிட்டால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களே எல்லாவற்றையும் எடுப்பார்கள். இதில் எனக்கு எளிய தீர்வு எதுவும் தெரியவில்லை.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறைத் தலைமை ஆய்வாளரின் 2013, 2014 அறிக்கைகள்தான் இந்த வரலாற்றின் மிக நேர்மையான திறனாய்வு. திட்டத்தில் சேரத் தகுதிச் சான்றிதழ் பெற்ற நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேலையே கிடைக்கவில்லை. புதியவை பெரிய விமான நிலையங்களுக்குள் நுழையத் திணறுகின்றன. அதாவது சான்றிதழ் கொடுப்பதைத் திட்டம் தன் சாதனையாக எண்ணிக்கொண்டது. ஆண்டறிக்கைகள் டாலரைக் கூட்டின. பத்தாண்டுக்குப் பின் எந்த நிறுவனம் சொந்தக் காலில் நிற்கிறது என்ற கேள்விக்கு அவற்றில் இடமே இல்லை.

கோவிட் காலம் மட்டும் வேறு கதை. 2021-இன் நிவாரணச் சட்டம் விமான நிலையக் கடைகளின் வாடகைச் சுமையைக் குறைக்க 800 மில்லியன் டாலர் ஒதுக்கியது. அதில் 640 மில்லியன் சிறிய கடைகளுக்கு. அளவை வைத்தே பிரித்தார்கள். தேவை துல்லியமாகத் தெரிந்திருந்தது, உதவியும் அந்தத் தேவையை நோக்கியே போனது. அட்லாண்டாவுக்குப் பின் முறையும் நோக்கமும் பொருந்திவந்த அரிய இடம் இது.

2025 அக்டோபரில் போக்குவரத்துத் துறை, இனமும் பாலினமும் பின்தங்கிய நிலைக்குத் தாமே சான்று என்ற அனுமானத்தை நீக்கியது. இனி ஒவ்வோர் உரிமையாளரும் தன் தடையைத் தானே ஆதாரத்தோடு நிறுவ வேண்டும். நாற்பது ஆண்டு உழைப்பு ஒரே விதியில் சரிந்ததற்கு அரசியலை மட்டும் குறைசொல்வது பாதி உண்மை. கடன் மறுத்த வங்கி எது, உத்தரவாதம் தர மறுத்த நிறுவனம் எது, கூட்டாளி எப்போது விலகினார் என்று நிறுவனம் நிறுவனமாகப் பதிவு செய்து வந்திருந்தால் இந்த அனுமானத்தின் தயவு தேவைப்பட்டிருக்காது. அட்லாண்டாவின் கூட்டு ஒப்பந்த முறையை முதல் தரச் சாதனை என்று ஏற்கிறேன். அதற்குப் பின் வந்த விழுக்காட்டு நிர்வாகம் நல்ல நோக்கம் கொண்டது, தன்னைச் சோதித்துக்கொள்ளாதது. அதற்கு அந்த இடத்தைத் தர முடியாது.