ஆய்வு வார ஒழுக்கம்

அமெரிக்க மனநல மருத்துவமனைகளில் அங்கீகார ஆய்வுக்குத் தயாராவது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. ஆலோசகர்கள், மாதிரி ஆய்வுகள், தடித்த கொள்கைக் கோப்புகள், ஊழியர்கள் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொள்ளும் வினா-விடைச் சீட்டுகள் என்று அதற்கான தளவாடங்களும் ஏராளம். ஆய்வில் தேறிவிட்டால் தயாரிப்பு நன்று என்பதே நடைமுறை அளவுகோல். இது தளர்வான அளவுகோல். ஆய்வாளர் விடைபெற்றுப் போன மறுவாரம் வார்டில் எது மிஞ்சுகிறது என்பதைக் கொண்டே இந்தத் தயாரிப்பை எடைபோட வேண்டும்.

முதலில் ஆய்வு முறைக்குரிய பெருமையைக் கொடுத்துவிடலாம். அங்கீகாரம் வழங்கும் அமைப்பான ஜாயின்ட் கமிஷன் 2004இல் புகுத்திய டிரேசர் முறை உண்மையான முறையியல் முன்னேற்றம். ஆய்வாளர் கோப்பறையில் உட்காராமல், ஒரு நோயாளியைத் தேர்ந்து, சேர்க்கையிலிருந்து வெளியேற்றத் திட்டம் வரை அவர் தடத்திலேயே நடக்கிறார். சேர்க்கையின்போது பதிவான தற்கொலை அபாயம் சிகிச்சைத் திட்டத்தில் ஏறியதா? ஏறியது இரவுப் பணிச் செவிலியருக்குத் தெரியுமா? தனித்தனியாகச் சரியாக இருக்கும் தாள்கள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்பதை இம்முறை சோதிக்கிறது. 2006 முதல் ஆய்வுகள் முன்னறிவிப்பின்றி நடப்பதும் அதற்கு வலுச் சேர்த்தது. ஆனால், தயாரிப்புத் தொழில் இதையும் பாடமாக்கிவிட்டது. பதிவுகள் ஒழுங்காக உள்ள நோயாளியையே தேடிப் பிடித்து ஒத்திகை டிரேசர் நடத்துவது, முறையின் உயிரை எடுத்துவிட்டு அதன் பெயரை வைத்துக்கொள்வது.

இந்தக் குறை பட்டவர்த்தனமாகத் தெரியும் இடம் பதினைந்து நிமிடக் கண்காணிப்புத் தாள். அபாயமுள்ள நோயாளியைக் கால்மணிக்கு ஒரு முறை நேரில் பார்த்து, எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்று குறிக்க வேண்டும். 2:00, 2:15, 2:30, 2:45 என்று பிசகின்றி ஓடும் தாள் மேலோட்டமான கண்ணுக்கு அழகாக இருக்கும். தேர்ந்த ஆய்வாளருக்கோ அதுவே முதல் சந்தேகம். இருபது பேர் உள்ள வார்டில் நடந்து பார்க்கும் மனிதரால் எல்லாரையும் ஒரே நிமிடத்தில் பார்க்க முடியாது. 2:13, 2:29 என்று தடுமாறும் தாளே நம்பத்தக்கது. கேமராப் பதிவை எடுத்து ஒப்பிட்டால் மிச்சமும் வெளிச்சமாகிவிடும். தாளில் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று பயிற்றுவிக்கும் தயாரிப்பு, வார்டில் நடக்கக் கற்றுக்கொடுப்பதில்லை.

சிகிச்சைத் திட்டத்தின் கதையும் இதுவே. அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேரின் விதிகள், சேர்த்த 60 மணி நேரத்துக்குள் மனநல மதிப்பீட்டைக் கோருகின்றன; நோயாளியின் பலங்களையும் குறைபாடுகளையும் அடிப்படையாகக் கொண்ட தனித் திட்டத்தையும் கோருகின்றன. விதியின் நோக்கம் உயர்ந்தது. நடைமுறையில் ‘பலங்கள்’ என்ற கட்டத்தில் ‘குடும்ப ஆதரவு உண்டு’ என்ற ஒரே வரி ஆளுக்கு ஆள் நகலெடுக்கப்படுகிறது; குடும்பமே கைவிட்டவர் தாளிலும்கூட.

விளைவைப் பற்றி நம்மிடம் உள்ள தரவு சங்கடமானது. பார்னெட், ஓலென்ஸ்கி, ஜெனா ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு பொது மருத்துவமனைகளைப் பற்றியது. மனநல மருத்துவமனைகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் அதன் கண்டுபிடிப்பு புறந்தள்ளக்கூடியது அல்ல. முன்னறிவிப்பற்ற ஆய்வு நடந்த வாரங்களில் சேர்ந்த மெடிகேர் நோயாளிகளின் 30 நாள் இறப்பு விகிதம் 7.03 விழுக்காடு, மற்ற வாரங்களில் 7.21. பெரிய போதனா மருத்துவமனைகளில் இடைவெளி இன்னும் அதிகம். வித்தியாசம் சிறிது, பொருள் பெரிது. கவனித்தால் மேம்பட முடிகிறது என்பது அங்கீகாரத்துக்குச் சாதகமான சான்று. கவனம் அந்த வாரத்தோடு கரைந்துவிடுகிறது என்பது தயாரிப்புக்கு எதிரான சான்று. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று வெள்ளையடித்த பள்ளிக்கூடத்திலாவது சுண்ணாம்பு சில மாதம் நிற்கும்.

எதிர்ச்சான்றும் உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகள், 2007 முதல் மனநல வார்டுகளின் கட்டடச் சூழலை ஒரு சரிபார்ப்புப் பட்டியலால் முறையாக அளந்து, தற்கொலைக்கு இடந்தரும் பொருத்துகளை மாற்றின. உள்நோயாளித் தற்கொலைகள் லட்சம் சேர்க்கைகளுக்கு 4.2இலிருந்து 0.74 ஆகக் குறைந்தன. முன்-பின் ஒப்பீடு என்பதால் முழுப் பெருமையையும் பட்டியலுக்கே கொடுக்க இயலாது. எனினும் காரணம் ஊகிக்கத் தக்கதே: மாற்றிய கதவுக் கைப்பிடி, ஆய்வாளர் போன பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. 2017 டிசம்பரில் மெடிகேர் நிர்வாகம் இதே அபாயத்தைக் குறித்து அனுப்பிய சுற்றறிக்கைக்குப் பின் தனியார் மருத்துவமனைகளும் இதில் பணம் கொட்டின. அதில் குறை காண மாட்டேன். ஆனால் சுவருக்குத் துல்லியமாக நிபந்தனை போடும் விதி, ஆளுக்கு வரும்போது ‘போதுமான எண்ணிக்கை’ என்று நழுவிவிடுகிறது. வார்டுக்கு இத்தனை செவிலியர் என்ற எண் மெடிகேர் விதிகளில் இல்லை. எண் இல்லாத இடத்தில் தயாரிப்பும் தங்குவதில்லை; ஆய்வு வாரத்துக்கு மட்டும் கூடுதல் ஆள் போட்டுச் சமாளிக்கலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

ஆகவே என் தீர்ப்பு இருவகைப்பட்டது. டிரேசரும் கட்டடச் சோதனையும் தேறுகின்றன: முன்னது கூர்மையால், பின்னது நிலைப்பால். வினா-விடைச் சீட்டும் கொள்கைக் கோப்பும் தேறவில்லை. மாதிரி ஆய்வுக்கு நிபந்தனையோடு இடம் தரலாம். அது ஞாயிறு இரவு மூன்று மணிக்கு நடக்க வேண்டும். நோயாளியைக் குலுக்கலில் தேர வேண்டும். கண்காணிப்புத் தாளைக் கேமராவோடு ஒப்பிட வேண்டும். கண்ட குறைகளை மருத்துவமனையின் ஆட்சிக் குழு தணிக்கையின்றிப் படிக்க வேண்டும். கடைசி நிபந்தனைக்கு ஒப்பும் ஆலோசகரைத் தேடுவதுதான் கடினம். அவருக்குச் சம்பளம் கொடுப்பதே அந்தக் குழுவின் நிர்வாகம்தானே.