நேயர் விருப்பமும் நேயர் விமர்சனமும்

சினிமாப் பாட்டைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் எழுதுவதா என முகஞ்சுளிப்போர் நம்மிடையே இன்னும் உளர். "மலிவான பொழுதுபோக்கு" என்ற சொற்றொடரோடு அவர்கள் இவ்விடயத்தை முடித்துவிடுவர். ஆனால், பெரும்பாலான மக்கள் நாள்தோறும் செவிமடுக்கும் ஒரு கலையைப் பற்றி அம்மக்கள் தமக்குள் என்ன பேசிக்கொள்கின்றனர் என்பதை அறியாமல், மக்கள் கலை, மக்கள் இலக்கியம் என்றெல்லாம் நாம் முழங்குவதிற் பொருளில்லை. தேநீர்க் கடையிலும் புகைவண்டியிலும் பாடசாலை மதிலோரத்திலும் இருவர் கூடினால், புதிதாக வந்த படத்தின் பாடல்களைக் கேட்டாயிற்றா என்ற பேச்சு எழுகிறது. ஒருவர் ஒரு பாட்டை உயர்த்துவார்; மற்றவர் மறுப்பார்; மூன்றாமவர் பத்தாண்டுக்கு முந்திய தட்டொன்றை நினைவூட்டி இருவரையும் மடக்குவார். இஃது விமர்சனமா, அன்றி வெறும் அரட்டையா? விடை காண்பதற்கு, நமது நாட்டோடு நெருங்கிய தொடர்புடைய வரலாறொன்றை நோக்குவோம்.

1952ஆம் ஆண்டு இந்தியாவின் தகவல், ஒலிபரப்பு அமைச்சராக பி. வி. கேஸ்கர் பதவியேற்றார். சாஸ்திரிய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுடைய அவர், சினிமாப் பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுப்பன எனக் கருதினார். அகில இந்திய வானொலியில் அப்பாடல்களுக்கு இருந்த இடம் சுருக்கப்பட்டது. படத்தின் பெயரைக் கூறுவது விளம்பரமாகும் என்று அதுவும் விலக்கப்பட்டது. தயாரிப்பாளர்களோடு முரண்பாடு முற்றவே, அவர்கள் பாடல்களை ஒலிபரப்பும் அனுமதியைத் திரும்பப் பெற்றனர். மக்களைக் கேளாமலே மக்களின் சுவையைத் திருத்த முனைந்த இம்முயற்சியின் விளைவு யாது? மக்கள் தம் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினர். அது கொழும்பில் வந்து நின்றது.

இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகள் இலங்கையில் நிறுவிய ஆற்றல்மிக்க சிற்றலைக் கருவிகள், போர் முடிந்தபின் இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தன. 1950இல் வர்த்தக சேவையும் தொடங்கப்பட்டிருந்தது. 1952 டிசெம்பர் 3ஆம் நாள் 'பினாக்கா கீத்மாலா' என்ற இந்திப் பாடல் நிகழ்ச்சி இவ்வலைகளில் முதன்முதலாக ஒலித்தது. பினாக்கா என்பது ஒரு பற்பசையின் பெயர்; அதனைத் தயாரித்தது சீபா என்னும் சுவிஸ் கம்பெனி. இருபது வயதை இன்னும் எட்டியிராத அமீன் சாயானி என்ற இளைஞர் பம்பாயில் ஒலிப்பதிவு செய்த நாடாக்கள் விமானத்திற் கொழும்புக்கு வந்தன. புதன்கிழமை இரவுகளில் வட இந்தியாவின் தெருக்களில், வானொலிப் பெட்டி இருந்த கடை வாயில்களில் மக்கள் கூடி நின்றனர்.

முதல் நிகழ்ச்சிக்கு 9,000 கடிதங்கள் வந்தன என்றும், ஓராண்டுக்குள் அத்தொகை வாரத்துக்கு 65,000 ஆக உயர்ந்தது என்றும் சாயானி பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். எழுதுவதற்கும் பேசுவதற்கும் இக்கடிதங்களைப் பார்ப்பதற்குமாக வாரமொன்றுக்கு அவருக்குக் கிடைத்த ஊதியம் 25 ரூபா. 1954இன் இறுதியில் நிகழ்ச்சி ஒரு தரவரிசையாக மாறிற்று. இசைத்தட்டுக்களின் விற்பனையும் நேயர்களின் விருப்பமும் சேர்த்துக் கணக்கிடப்பட்டு, எந்தப் பாட்டு எந்தப் படியில் நிற்கிறது என்று வாரந்தோறும் அறிவிக்கப்பட்டது. ஊர்தோறும் நேயர் சங்கங்கள் முளைத்தன. அவை கூடிப் பாட்டைக் கேட்டன, வாதிட்டன, வாக்களித்தன.

இச்சங்கங்களையும் கடிதங்களையும் பற்றிப் பேசுவோர் தவறாமற் குறிப்பிடும் ஊர் ஒன்றுண்டு. அதுவே ஜும்ரி தெலையா. அன்று பிஹார் மாநிலத்திலும், 2000ஆம் ஆண்டு முதல் ஜார்கண்ட் மாநிலத்திலும் அடங்கும் கொடர்மாப் பகுதியிலுள்ள சிறு பட்டணம் அது. இலங்கை வானொலிக்கும், 1957இல் இந்திய அரசு வேறு வழியின்றித் தொடங்கிய விவித பாரதிக்கும் அங்கிருந்து ஓயாது தபாலட்டைகள் சென்றன. அறிவிப்பாளர் அடிக்கடி வாசித்த அப்பெயரைக் கேட்டோர், அப்படி ஓர் ஊர் உண்மையில் இல்லை, யாரோ வேடிக்கைக்காகப் புனைந்த பெயர் என்றுகூட எண்ணினர்.

ஆனால் அவ்வூர் உண்மையானது. அதன் நிலத்தடியில் மைக்கா எனப்படும் அப்பிரகம் இருந்தது. மின்சாரத்தைக் கடத்தாத இக்கனிப்பொருள், அக்கால வானொலிப் பெட்டியின் வால்வுகளுக்குள்ளேயும் மின்தேக்கிகளுக்குள்ளேயும் வைக்கப்பட்ட பொருள்களுள் ஒன்று. கொடர்மாப் பகுதியின் சுரங்கங்களிலிருந்து மைக்கா உலகச் சந்தைக்குச் சென்றது. அத்தகைய கனிப்பொருளைத் தன்னுள் கொண்ட பெட்டியின் வழியே சினிமாப் பாட்டு அவ்வூருக்குத் திரும்பி வந்தது. அட்டை எழுதியோருள் மைக்கா வியாபாரியும் கடைக்காரரும் இருந்தனர். நமது வாதத்துக்கு வசதியாக இருக்கும் என்பதற்காக அவர்கள் எல்லோரையும் சுரங்கத் தொழிலாளராகக் காட்ட வேண்டியதில்லை. எனினும், பெரு நகரங்களின் பத்திரிகைகளோ பண்டிதர்களோ திரும்பியும் பாராத ஓர் ஊரின் மக்கள், தமக்கும் ஒரு சுவை உண்டு, அதனை உலகம் கேட்க வேண்டும் என்று ஓயாது எழுதினர் என்பது சிறிய செய்தியன்று.

இனி, அந்த அட்டையில் என்ன இருந்தது என்று பார்ப்போம். பாடலின் பெயர், படத்தின் பெயர், அதன் கீழே விரும்புவோர் பெயர்கள். நமது தமிழ்ச் சேவையின் நேயர் விருப்பத்திலும் இதே முறைதான். தோட்டத்து லயன்களிலிருந்தும் தமிழகக் கிராமங்களிலிருந்தும் வந்த அட்டைகளின் பெயர் வரிசைகளை அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் வாசித்ததைக் கேட்டோர் பலர். தம் பெயர் காற்றில் ஒலிக்கக் கேட்ட ஏழையின் மகிழ்ச்சியை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். "உமக்கு எது வேண்டும்?" என்று வானொலி கேட்டது. "அது ஏன் வேண்டும்?" என்று கேட்கவில்லை. பற்பசைக் கம்பெனிக்குத் தேவைப்பட்டது தொகை மட்டுமே. எத்தனை பேர் கேட்கின்றனர் என்று தெரிந்தால் விளம்பரத்துக்கு விலை சொல்லிவிடலாம். காரணத்துக்கு அந்தச் சந்தையில் விலையில்லை.

ஆகவே அமைச்சரும் கம்பெனியும் எதிரெதிரே நின்றவர்போலத் தோன்றினும், ஒரு விடயத்தில் ஒத்திருந்தனர். "உன் சுவை கீழானது, நான் திருத்துகிறேன்" என்றார் அமைச்சர். "உன் சுவை எதுவாயினும் சரி, நான் எண்ணுகிறேன்" என்றது கம்பெனி. நேயனைச் சிந்திக்கும் மனிதனாக மதித்து, அவன் கொண்ட கருத்தின் காரணத்தைக் கேட்டவர் இவ்விருவருள் எவருமிலர்.

காரணம் கேட்கும் நேயன் என்ன செய்ய வல்லவன் என்பதற்கு வரலாற்றிலேயே சான்றுண்டு. 1949இல் வெளிவந்த 'மகல்' என்ற இந்திப் படத்தில் மதுபாலா நடித்த பாத்திரத்தின் பெயர் காமினி. அவர் தோன்றும் பாடலொன்று நாடெங்கும் பரவிற்று. ஆனால், அப்பாடலின் இசைத்தட்டிற் பாடியவர் பெயராக அச்சிடப்பட்டிருந்தது காமினி என்பதே. கதையில் மட்டுமே வாழும் ஒருத்தியின் பெயரால், உண்மையிற் பாடியவரின் உழைப்பு மறைக்கப்பட்டிருந்தது. நேயர்கள் வானொலி நிலையத்துக்கு எழுதினர். பாட்டைப் போடுங்கள் என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. பாடியவர் யார் என்று வினவினர். அவ்வினாக்கள் பெருகவே, பாடியவர் பெயரை வெளியிட வேண்டியதாயிற்று. லதா மங்கேஷ்கர் என்ற பெயரை நாடு அவ்வாறுதான் அறிந்தது. விருப்பத்தைத் தெரிவித்த இலட்சம் அட்டைகள் ஒரு பற்பசையை விற்றன. வினா எழுப்பிய கடிதங்கள் ஓர் உழைப்பாளிக்கு அவர் பெயரைப் பெற்றுக் கொடுத்தன.

அவ்வினா இன்னும் நீண்டிருக்கலாம். தட்டில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும். பாடகர் பெயரும் இருக்கும். ஆனால், பம்பாய் ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலினும் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் வாசித்தோருட் பலர் கோவாவிலிருந்து பிழைப்புக்காக வந்த கலைஞர்கள். வாய்மொழியாகத் தரப்பட்ட மெட்டுக்குப் பல்லியங்கள் இசைக்கும் வடிவத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தோரும் அவர்களே. சங்கர்–ஜெய்கிஷன் பாடல்களின் பெரும் வாத்தியக் குழுவுக்கு அவ்வாறு எழுதியவர் செபஸ்தியான் டிசூசா. அன்றோணி கொன்சால்வஸ் என்ற வயலின் கலைஞரின் பெயரை நாடு கேட்டது 1977இல், அவரிடம் பயின்ற பியாரேலால் இணைந்து இசையமைத்த ஒரு படத்தின் நகைச்சுவைப் பாட்டின் வழியாக. அப்போதும், அப்பெயருக்குரிய மனிதர் ஒருவர் வாழ்கிறார் என்பதை அறியாமலே பெரும்பாலோர் அதைப் பாடிச் சிரித்தனர்.

இங்கே நம்மவரின் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். முற்போக்காளர் பலர் சினிமாப் பாட்டை மக்களை மயக்கும் போதையென ஒதுக்கினர். அதே காலத்தில் அப்பாடல்களை எழுதியோர் யாவர்? மாதுங்கா ரயில்வேப் பட்டறையில் வேலை செய்தவரும், அவர் எழுதிய வேலைநிறுத்தக் கோஷம் இன்றும் ஊர்வலங்களில் ஒலிக்கும் பெருமைக்குரியவருமான சைலேந்திரா, தம் கவிதைக்காகச் சிறை சென்ற மஜ்ரூஹ் சுல்தான்புரி, சாஹிர் லுதியான்வி, கைஃபி ஆஸ்மி. மக்கள் நாடக மன்றத்திலிருந்து வந்த சலில் சௌதுரி, நிலத்தை இழக்கும் விவசாயியின் கதையான 'தோ பீகா ஜமீன்' படத்துக்கு 1953இல் இசையமைத்தார். நமது தோழர்களின் சொற்களே பற்பசை விளம்பரத்தின் நடுவே கோடி மக்களின் காதுக்குச் சென்றுகொண்டிருந்தன. அச்சொற்களைப் பற்றி அம்மக்களோடு உரையாட நாம் செல்லவில்லை.

ஓர் உதாரணம் போதும். 1957இல் வந்த 'பியாசா' படத்தில், விலைமாதர் தெருவினூடே நடக்கும் கவிஞனொருவன், தேசப் பெருமை பேசுவோர் எங்கே என்று வினவும் பாடலுண்டு. சாஹிர் முன்னரே எழுதிய கவிதையொன்று அதற்கு மூலம். ஆனால், மூலத்தின் பல்லவிபோல் மீண்டும் மீண்டும் வரும் அடி, பாரசீகச் சொற்கள் செறிந்தது, கற்றோருக்கே விளங்குவது. படத்துக்காகச் சாஹிர் அவ்வடியை எளிய சொற்களில் மாற்றி எழுதினார். கவிதை இதனால் இழந்தது என்ன, பெற்றது என்ன? சொல்லின் கம்பீரம் சற்றுக் குறைந்தது எனலாம். ஆனால், கீழ்த்திசையின் புனிதத்தைப் போற்றுவோரைப் பொதுப்பட நோக்கி எழுந்த வினா, விடுதலை பெற்றுப் பத்தாண்டு நிறைந்த நாட்டின் ஆட்சியாளரை நேரே சுட்டும் வினாவாயிற்று. முகமது ரஃபியின் குரலும் அதனை முழக்கமாக்காமல், நடப்பவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் அடக்கியே பாடுகிறது. தெருவில் நின்று கேட்டவனுக்கு இவ்வேறுபாடு விளங்காது என்று எண்ணுவது நமது ஆணவம். அவன் அதைத் தன் சொற்களிற் சொல்லக்கூடியவனே. சொல்வதற்குரிய களம் அவனுக்கு அமையவில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டதா? கீத்மாலா 1994இல் ஓய்ந்தது. சாயானியும் 2024இற் காலமானார். தட்டும் நாடாவும் போய், படத்தின் பாடல்கள் யாவும் ஒரு கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிட்டன. ரசிகர் அங்கேயும் கூடுகின்றனர், தாம் கேட்டுக்கொண்டிருப்பதைச் சொல்கின்றனர், சண்டையிடுகின்றனர். ஆனால், ஒரு பாட்டு எத்தனை கோடி முறை கேட்கப்பட்டது என்ற எண்ணே இன்றும் அதன் புகழுக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. பற்பசைக் கம்பெனிக்கு வாரமொரு முறை கிடைத்த கணக்கு, இன்றைய கம்பெனிகளுக்கு நொடிக்கு நொடி கிடைக்கிறது. பழைய நேயன் அட்டை வாங்கி, எழுதி, தபாற்பெட்டி வரை நடந்து தன் விருப்பத்தைத் தெரிவித்தான். இன்றைய ரசிகன் கேட்ட மாத்திரத்திலேயே எண்ணப்பட்டுவிடுகிறான்.

எனினும் மனந்தளர வேண்டியதில்லை. இரசிகர்களின் உரையாடலை உற்றுக் கேட்போர், அதில் வெறும் புகழ்ச்சிக்கு அப்பாற்பட்ட சிலவற்றைக் காண்பர். இப்பாட்டின் புல்லாங்குழலை வாசித்தவர் யார் என்று ஒருவர் வினவுவார். படத்தில் வந்த அடி தட்டில் ஏன் இல்லை என்று இன்னொருவர் கேட்பார். இந்த மெட்டு இன்ன நாட்டார் பாடலிலிருந்து எடுக்கப்பட்டது, அதைப் பாடியோருக்கு ஏதேனும் கிடைத்ததா என்று மற்றொருவர் தொடர்வார். விமர்சனம் அங்கே பிறந்துவிட்டது. அதைப் பேணி வளர்ப்பது ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க பணி.

அதற்குப் பெரிய ஏற்பாடுகள் தேவையில்லை. வகுப்பு முடிந்தபின் ஒரு பாடலை இருமுறை கேட்கட்டும். யார் எழுதினார், யார் வாசித்தார், யாருக்கு வருவாய் சென்றது, சொல்லும் இசையும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்று வினவட்டும். பிடித்திருக்கிறது என்பவன் காரணத்தையும் சொல்லட்டும். பிடிக்கவில்லை என்பவனும் அவ்வாறே செய்யட்டும். ஆசிரியர் தம் சுவையை அங்கே சட்டமாக்காதிருப்பாராக. அது கேஸ்கர் சென்று தோற்ற பாதை. ஜும்ரி தெலையாவிலிருந்து சென்ற அட்டைகளிற் காரணம் எழுதவும் இடமிருந்தது. அவ்விடத்தை நிரப்பப் பழகிய நேயனை, எந்தக் கம்பெனியும் வெறும் தொகையாக எண்ணிவிட முடியாது.